ஹைப்போதலமஸும் மனோவியாதிகளும்: ஒரு நூற்றாண்டு விசாரணையின் மதிப்பீடு

சரீரத்தின் கோளாறு எவ்விடத்தில் முடிந்து மனத்தின் கோளாறு எவ்விடத்தில் தொடங்குகிறது என்னும் வினா, வைத்திய சாஸ்திரம் தோன்றிய நாள் முதலாகப் பல விடைகளைப் பெற்றும் தீராது நிற்கும் வினாக்களுள் ஒன்றாகும். பகலெல்லாம் உறங்கிக் கிடப்பவரையும், காரணமின்றிச் சீறி எழும் பிள்ளையையும், உணவை அறவே வெறுத்து மெலியும் பெண்ணையும் கண்டு, இது உடல்நோயோ, மனநோயோ, தெய்வக்குற்றமோ என்று உறவினர் தடுமாறுவது கண்டி நகரத்து மாடிவீடுகளிலும் உண்டு. தெல்தோட்டையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டத்து லயன்களிலும் உண்டு. இத்தடுமாற்றத்தைத் தீர்க்கவல்ல உறுப்பு மூளையின் அடித்தளத்திலேயே இருக்கின்றது என்றும், அதனை அறிந்துகொண்டால் மனோவியாதியின் மூலத்தையே அறிந்தவராவோம் என்றும் ஒரு நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. அவ்வுறுப்பே நம் பாடநூல்கள் பரிவகக்கீழ் எனக் குறிக்கும் ஹைப்போதலமஸ். அந்நம்பிக்கை எவ்வெவ் வடிவங்களை எடுத்தது, எவ்வளவு மெய்ப்பட்டது, எவ்விடத்தில் தளர்ந்தது என்பவற்றை வரிசைப்பட நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

உறுப்பின் இயல்பு

மனித மூளையின் மொத்தப் பருமனில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவான இடத்தையே ஹைப்போதலமஸ் கொண்டுள்ளது. அதன் நிறை ஏறக்குறைய 4 கிராம். எனினும் உடல்வெப்பம், பசி, தாகம், நித்திரை, காமம், பிரசவம், பால்சுரப்பு, ஆபத்தில் எழும் அச்சம், கோபம் ஆகிய இவற்றுள் அதன் தொடர்பில்லாத ஒன்றைக் காண்பது அரிது. இவ்வளவு காரியங்களை அது மூன்று வழிகளால் ஆற்றுகின்றது. தன்னியக்க நரம்புகளின் வாயிலாக இதயத்தையும் குருதிக்குழாய்களையும் குடலையும் ஆளுதல் ஒன்று; தனக்குக் கீழே காம்பொன்றில் தொங்கும் கபச்சுரப்பியைக் கொண்டு தைரொயிட், அதிரீனல், சூலகம் முதலிய சுரப்பிகளை இயக்குதல் மற்றொன்று; மூளையின் மேற்பகுதிகளோடு பின்னிக் கிடக்கும் நார்களால் நடத்தையைத் தூண்டுதலும் அடக்குதலும் மூன்றாவது. உடலுக்கும் மனத்துக்கும் இடையில் எல்லைக்கோடு ஒன்று உண்டென்று கொண்டால் அக்கோடு இவ்வுறுப்பின் ஊடாகவே செல்லும் என்று அறிஞர் பலர் கருதியதற்கு இம்மும்மை இயல்பே காரணம் எனலாம்.

முதலாவது விடை: ஸ்தானக் கொள்கை

ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒவ்வொரு இச்சைக்கும் ஹைப்போதலமஸில் ஒரு தனி ஸ்தானம் உண்டென்பது முதலில் எழுந்த விடை. 1917இல் வியன்னாவில் கொன்ஸ்தந்தீன் வொன் எக்கனமோ, மனிதரை மாதக்கணக்கில் உறக்கத்தில் ஆழ்த்திய புதியதொரு மூளைக்காய்ச்சலை விவரித்தார். இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, தீராத உறக்கத்தில் கிடந்தோருக்கு ஹைப்போதலமஸின் பின்பகுதியும் அதனை அடுத்த நடுமூளையும், உறக்கமே இன்றி வருந்தியோருக்கு அதன் முன்பகுதியும் பழுதுபட்டிருந்ததை அவர் கண்டார். நித்திரைக்கும் விழிப்புக்கும் மூளையில் வெவ்வேறு இடங்கள் உண்டென்று அவர் செய்த அனுமானத்தைப் பிற்கால ஆராய்ச்சி பெரும்பாலும் உறுதிப்படுத்தியிருக்கிறது.

கோபத்தின் ஸ்தானத்தைத் தேடியவர்களும் உளர். மூளையின் மேற்பட்டை நீக்கப்பட்ட பூனை சிறு தொடுகைக்கும் மயிர் சிலிர்த்துச் சீறுவதையும், ஹைப்போதலமஸின் பின்பகுதியையும் நீக்கியபின் அச்சீற்றம் மறைவதையும் பிலிப் பார்ட் 1928இல் வெளியிட்டார். சூரிச் நகரத்து வால்ட்டர் ஹெஸ், விழித்திருக்கும் பூனைகளின் ஹைப்போதலமஸில் நுண்ணிய மின்கம்பிகளைப் பொருத்திச் சீற்றத்தையும் நித்திரையையும் வேண்டியபோது வருவித்துக் காட்டி 1949இல் நோபல் பரிசைப் பெற்றார். பசியைப் பொறுத்தவரை, ஹைப்போதலமஸின் உள்நடுப் பகுதியை அழித்தால் எலிகள் மட்டின்றிக் கொழுக்கின்றன என்பதை ஹெதரிங்டனும் ரான்சனும் 1940இல் நிறுவினர். பக்கப்பகுதியை அழித்தால் அவை உணவின் முன்னிருந்தும் உண்ணாது மடிகின்றன என்பதை 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் பிரோபெக்கோடு சேர்ந்து கண்டறிந்தவர், பின்னர் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் உடற்றொழிலியற் பகுதியை உருவாக்கிய பால் கிருஷ்ண ஆனந்த். பசிக்கு ஒன்று, திருப்திக்கு ஒன்று என்று இரண்டு ஸ்தானங்கள் கொண்ட சித்திரம் இவ்வாறு பூர்த்தியாயிற்று.

இக்கொள்கையின் தெளிவே அதன் பலவீனமுமாயிற்று. ஓரிடத்தை அழிக்கும்போது அவ்விடத்துக் கலங்கள் மாத்திரமன்றி, அதனூடாக வேறிடம் செல்லும் நார்களும் அறுபடுகின்றன. டோப்பமீன் சுரக்கும் நார்கள் மாத்திரம் அழிந்தாலும் எலி உண்ணாது மடியும் என்பதை உங்கர்ஸ்டெட் 1971இல் காட்டியபின், பக்கப்பகுதியைப் பசியின் இருப்பிடம் என்று முன்போல் உறுதியாகக் கூறுவது இயலாதாயிற்று. மின்தூண்டலால் எழுந்த சீற்றத்திலும் ஐயம் பிறந்தது. அது உள்ளே அனுபவிக்கப்படும் கோபமா, அன்றிக் கோபத்தின் வெளித்தோற்றம் மாத்திரமா என்று மாசர்மன் 1940களில் எழுப்பிய வினாவுக்குப் பிற்காலப் பரிசோதனைகள் ஓரளவே விடையளித்தன. உணவின் அருமை, சமூகத்தின் விலக்கு, கடந்தகால நினைவு ஆகியன பசியையும் கோபத்தையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கொள்கை சொல்லவே இல்லை.

சென்னையில் நிகழ்ந்த சோதனை

ஸ்தானக் கொள்கை ஆய்வுகூடத்தோடு நின்றிருக்குமானால் அதன் குறைகள் அறிஞரின் வாதப்பொருளாக மாத்திரம் இருந்திருக்கும். அது சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் சென்றது. ஹெஸ் பரிசு பெற்ற அதே ஆண்டில், அதே பரிசின் மறுபாதி, மனோவியாதிக்காக மூளையின் முன்பகுதி நார்களை வெட்டும் முறையைத் தொடக்கிய எகாஸ் மொனீஸுக்கு வழங்கப்பட்டது அக்காலத்து மனப்பாங்கைக் காட்டும். 1960களில் தோக்கியோவின் கெய்ஜி சானோ, அடங்காத மூர்க்கமுடைய நோயாளிகளின் ஹைப்போதலமஸின் பின்னுட்பகுதியில் மிகச் சிறிய இடமொன்றைப் பொசுக்கி அவர்களை அமைதிப்படுத்தலாம் என்று அறிவித்தார்.

தமிழுலகம் இவ்விசாரணையில் நேரே பங்குகொண்டது இக்கட்டத்திலேதான். 1950இல் சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையில் நரம்பியற் சத்திரசிகிச்சையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தியும், அவரோடு பணியாற்றிய வி. பாலசுப்பிரமணியமும், இந்தியாவின் முதற் பெண் நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணரான டி. எஸ். கனகாவும், மூர்க்க நடத்தைக்கான இச்சிகிச்சையை உலகிலேயே பெருந்தொகையாகச் செய்தோருள் அடங்குவர். 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட தொகுப்பில் 600க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை அமிக்டலா என்னும் பகுதியின்மேலும், நூற்றுக்கு மேற்பட்டவை, முதற்சிகிச்சை பலன் தராதவிடத்து, ஹைப்போதலமஸின்மேலும் செய்யப்பட்டவை. நோயாளிகளுட் பலர் மூளைக்காய்ச்சலாலும் வலிப்பாலும் மூளை பழுதுற்ற பிள்ளைகள். தம்மையும் பிறரையும் ஓயாது காயப்படுத்தியவர்கள். பெரும்பான்மையோர் அமைதியடைந்தனர் என்பது அவ்வைத்தியர்களின் முடிபு.

அம்முடிபை மதிப்பிடுங்கால் இரு தரப்பையும் நேர்மையாக எண்ணவேண்டும். இன்றுள்ள மருந்துகள் பல இல்லாத காலத்தில், கட்டிவைக்கப்பட்ட பிள்ளையின் கட்டை அவிழ்க்க முற்பட்ட அவ்வைத்தியர்களின் கருணையை ஐயுறுவதற்கு இடமில்லை. ஆயினும் சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு ஒன்றும் இருக்கவில்லை. அமைதி என்பது நோயாளி பெற்ற நன்மையா, அவரைச் சூழ்ந்தோர் பெற்ற நன்மையா என்பது வேறுபடுத்தி அளக்கப்படவில்லை. சம்மதம் தர இயலாதோரின் மூளையில் மீட்கவொண்ணாத மாற்றம் செய்யப்பட்டது. ஜேர்மனியில் பாலியல் நடத்தையை மாற்றும் பொருட்டு ஹைப்போதலமஸில் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகள் 1970களில் எழுந்த கண்டனத்தால் கைவிடப்பட்டமை, இவ்வழி எவ்வளவு எளிதில் அதிகாரத்தின் கருவியாக மாறக்கூடும் என்பதற்குச் சான்று. இன்று இதே இடத்தில் அழிவின்றி மின்தூண்டல் செய்யும் முறை உண்டு. எனினும் கடும் கொத்துத் தலையிடிக்கு அதனைப் பயன்படுத்திய ஒழுங்கான ஒப்பீட்டுப் பரிசோதனையில், முதற்கட்டத்தில் தூண்டலுக்கும் வெறுங்கம்பிக்கும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விடை: சுரப்பிக் கொள்கை

ஹைப்போதலமஸ் நரம்புகளால் மாத்திரமன்றி இரசாயனத் தூதுகளாலும் ஆள்கின்றது என்பது இரண்டாவது விடைக்கு அடிப்படை. ஹைப்போதலமஸிலிருந்து கபச்சுரப்பிக்குச் செல்லும் நுண்குருதிக்குழாய்களே இத்தூதின் பாதை என்று ஜெஃப்ரி ஹாரிஸ் 1940களிலும் 1950களிலும் வாதித்தார். அத்தூதுப்பொருள்களுள் முதலாவதை, செம்மறிகளினதும் பன்றிகளினதும் மூளைகளை இலட்சக்கணக்கில் அரைத்து, கியமினும் ஷாலியும் 1969 அளவில் தனித்தனியே பிரித்தறிந்து 1977இல் நோபல் பரிசு பெற்றனர். மன அழுத்தத்தின்போது அதிரீனலைத் தூண்டும் தூதுப்பொருளை வேல் 1981இல் கண்டறிந்தார்.

தீராத துன்பம், ஹைப்போதலமஸ், கபச்சுரப்பி, அதிரீனல் என்று தொடரும் இவ்வச்சை ஓயாது இயக்கி, கோட்டிசோல் என்னும் ஓமோனைப் பெருக்கி, மூளையையே வாட்டுகிறது. அதுவே ஆழ்ந்த மனச்சோர்வு என்பது இக்கொள்கையின் சாரம். ஆதாரமின்றி எழுந்ததன்று இது. கபச்சுரப்பிக் கட்டியால் கோட்டிசோல் பெருகும் குஷிங் நோயில் மனச்சோர்வு மிகச் சாதாரணம்; கோட்டிசோல் சுரப்பு மீண்டும் அளவுக்கு வரும்போது மனமும் தெளிவது பலரிடம் காணப்பட்டது. டெக்சாமெதசோன் என்னும் மருந்தைக் கொடுத்தும் கோட்டிசோல் அடங்காமை கடும் மனச்சோர்வின் அடையாளம் என்று கரோல் முதலியோர் 1981இல் அறிவித்தபோது, மனோவியாதிக்கு முதன்முறையாகக் குருதிப்பரிசோதனை ஒன்று கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறதிநோயாளரிடத்தும், மதுவை விட்டவரிடத்தும், வெறுமனே உடல் மெலிந்தவரிடத்தும் அதே முடிவு வந்தது. மனச்சோர்வுற்றோருட் பலரிடம் அது வரவுமில்லை. அழுத்தத் தூதுப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் நம்பிக்கையூட்டி, மனிதரிடத்தில் அடுத்தடுத்துத் தோல்வியுற்றன. இவ்வச்சின் மிகையியக்கம் நோயின் காரணமா, விளைவா, உடன்நிகழ்ச்சியா என்பது பிரித்தறியப்படாமையே இத்தோல்விகளுக்கு மூலம் என்று கருத இடமுண்டு.

இக்கொள்கையின் மிகைநம்பிக்கை விளைத்த தவறொன்று வரலாற்றில் பதிந்திருக்கிறது. உண்ண மறுத்து மெலியும் நோயை 1873இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் லசேக்கும் மனத்தின் நோயாகவே விவரித்திருந்தனர். 1914இல் ஹம்பர்க்கின் சிம்மண்ட்ஸ், கபச்சுரப்பி அழிந்து உடல் தேய்ந்து மாண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதவே, மெலிந்த இளம்பெண்கள் பலர் அதன்பின் கபச்சுரப்பி நோயாளராகக் கருதப்பட்டு, சுரப்பிச்சாறுகளால் சிகிச்சை பெற்றனர். கபச்சுரப்பி அழிவில் எலும்புந்தோலுமாகத் தேய்தல் பொதுவியல்பன்று என்பதை 1940களின் இறுதியில் ஷீஹான் முதலியோர் தெளிவுபடுத்தும் வரை இம்மயக்கம் நீடித்தது. உடற்காரணத்தைக் காணத் தவறுதல் ஒரு பிழையாயின், இல்லாத உடற்காரணத்தைக் கற்பித்தல் அதற்கு ஈடான மற்றொரு பிழை.

மூன்றாவது விடை: கலங்களும் வலைப்பின்னலும்

கடந்த மூன்று தசாப்தங்களில் வினா நுணுகியது. எந்த இடம் என்பதை விடுத்து, அவ்விடத்தில் எந்த வகைக் கலம், அது எவற்றோடு தொடுக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கினர். இவ்வழியில் கிட்டிய மிகத் தெளிவான வெற்றி நார்க்கொலெப்சி என்னும் உறக்கநோய் பற்றியது. உரையாடும்போதே உறங்குவதும், சிரித்தவுடன் கைகால் தளர்ந்து வீழ்வதுமான இந்நோய் நெடுங்காலம் சோம்பலென்றும் மனக்கோளாறென்றும் பழிக்கப்பட்டது. 1998இல் ஒரெக்சின் என்னும் பொருள் கண்டறியப்பட்டது; 2000இல், இந்நோயாளரின் ஹைப்போதலமஸில் அதனைச் சுரக்கும் கலங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன என்பது தெளிவாயிற்று. 2009இல் பரவிய காய்ச்சலுக்கு ஐரோப்பாவில் இடப்பட்ட தடுப்பூசி ஒன்றன்பின் பின்லாந்திலும் சுவீடனிலும் பிள்ளைகளிடையே இந்நோய் அதிகரித்தமை, உடலின் எதிர்ப்புச்சக்தியே அக்கலங்களைத் தாக்குகின்றது என்னும் கருத்தை வலுப்படுத்தியது.

மற்றொரு சான்று இதனினும் வியப்பூட்டுவது. ஹைப்போதலமஸில் பிறவியிலேயே அமையும் தீங்கற்ற திசுமுடிச்சு சில பிள்ளைகளிடத்தில் சிரிப்பு வலிப்பை உண்டாக்குகின்றது. மகிழ்ச்சி சிறிதுமின்றிப் பிள்ளை திடீரெனச் சிரிக்கும். சில விநாடிகளில் நிறுத்திவிடும். நாளடைவில் கட்டுக்கடங்காத சினமும், பருவத்துக்கு முந்திய பூப்பும் சேரக்கூடும். அவ்வலிப்பு அம்முடிச்சிலேயே தொடங்குகின்றதென்பது 1990களில் மூளையினுள் வைத்த மின்வாய்களால் பதிவாயிற்று. முடிச்சை நீக்கியபின் வலிப்போடு சினமும் தணிந்த பிள்ளைகள் உளர். தீராப் பசியும் பிடிவாதமும் சேர்ந்த பிராடர்-வில்லி நோயில், 1956இல் அது விவரிக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், ஒட்சிட்டோசின் சுரக்கும் கலங்களின் குறைவை நெதர்லாந்தின் டிக் ஸ்வாப் காட்டினார். அவ்வோமோனைக் கொடுத்துச் செய்த சிகிச்சைகள் மாத்திரம் இன்னும் ஒருசீரான பலனைத் தரவில்லை.

இவ்விடைக்கும் வரம்பு உண்டு. எலியின் ஹைப்போதலமஸில் குறித்த சில கலங்களை ஒளியால் தூண்டினால் அது கையுறையைக்கூடத் தாக்கும் என்று 2011இல் காட்டப்பட்டமை உண்மை. அதனைக் கொண்டு மனிதரின் வன்முறையை விளக்க முற்படுவது, பார்டின் பூனையைக் கொண்டு மனிதக் கோபத்தை விளக்க முற்பட்ட பழைய தாவலையே மீண்டும் செய்வதாகும். கலம் இழந்தமையால் விளையும் நோய்க்கு இம்முறை ஒளி தருகிறது. மனச்சோர்வு, மனச்சிதைவு, பதகளிப்பு முதலிய பரந்த வியாதிகளில் அவ்வாறான தனிக்கலம் எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை.

கண்டி மலைநாட்டிலிருந்து நோக்குமிடத்து

பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் பாதையின் அடியில் 1962இல் தொடங்கிய மருத்துவபீடம் இருக்கின்றது. அதன் முடிவில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துரவை அண்டிய தோட்டங்கள் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் மேற்கூறிய கொள்கைகளுள் எது நோயாளிக்கு உதவும் என்று கேட்பது நியாயமானதே.

முதலில் தைரொயிட். இலங்கையின் ஈரவலயத்தில் முன்கழுத்துக் கழலை நெடுங்காலம் பரவியிருந்தது. மகாதேவாவும் செந்தே சண்முகநாதனும் 1967இல் அதனை ஆராய்ந்து எழுதினர். 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது நாட்டின் விதியாயிற்று. தைரொயிட் குன்றினால் மந்தமும் மறதியும் மனச்சோர்வும், சிலவேளை பித்துநிலையும் தோன்றலாம் என்பதை ரிச்சர்ட் ஆஷர் 1949இலேயே எச்சரித்தார். ஹைப்போதலமஸின் அச்சைக் குருதியில் அளந்து அறியும் எளிய பரிசோதனை மாவட்ட வைத்தியசாலைக்கும் எட்டக்கூடியது.

இரண்டாவது, ஹைப்போதலமஸ் பழுதின்றி இருக்க, அதன் ஏவலை ஏற்கும் கபச்சுரப்பி அழிந்துபோகும் நிலை. பிரசவத்தில் மிகுந்த குருதி இழந்த தாய்க்கு இது நேரலாம் என்று ஷீஹான் 1937இல் நிறுவினார். கண்ணாடி விரியன் தீண்டியோருக்கும் இதே கதி நேரும் என்பது 1987இல் பர்மாவிலிருந்து விரிவாக அறிவிக்கப்பட்டது. கேரளத்திலும் புதுச்சேரியிலும் கண்ட நோயாளர் அதனை உறுதிப்படுத்தினர். 2011இல் இலங்கையிலிருந்து முதல் அறிவிப்பு வெளியாயிற்று. தாய்க்குப் பால் சுரவாது போகும், மாதவிடாய் நிற்கும், குளிர் தாங்காது, கொழுந்துக்கூடை சுமந்தவள் எழுந்து நடக்கவும் மனமின்றிக் கிடப்பாள். பல ஆண்டுகள் கழித்தே நோய் புலப்படுவதால் பழைய பிரசவத்தையோ பழைய பாம்புக்கடியையோ எவரும் இதனோடு தொடுத்துப் பார்ப்பதில்லை. இதற்கு மருந்து மாத்திரைகளே. முதலில் கோட்டிசோல் வகை, அதன்பின் தைரொட்சின் என்னும் வரிசை தவறக்கூடாது, தவறினால் உயிராபத்து உண்டு.

மூன்றாவது சான்று எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 ஆக, உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. கொடிய பூச்சிநாசினிகள் 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ எழுபது சதவீதம் குறைந்தது. ஒருவருடைய ஹைப்போதலமஸையும் தொடாமல், ஒரு மருந்தையும் கொடாமல், கைக்கெட்டும் நஞ்சை அகற்றியதனால் விளைந்த நன்மை இது. மனத்துயரின் மிகக் கொடிய விளைவைத் தடுப்பதற்குக் கோட்டிசோலின் அளவைக் காட்டிலும் கமக்காரனின் அலமாரியில் இருந்த போத்தல் முக்கியமாயிருந்தது என்பதை, உயிரியலை மாத்திரம் நம்புவோர் மறக்கலாகாது.

எஞ்சி நிற்பவை

மூன்று விடைகளும் முழுப்பொய்யல்ல, மூன்றும் முழுமையுமல்ல. நித்திரை, பசி, உடல்வெப்பம் ஆகிய அடிப்படை இயக்கங்களில் ஹைப்போதலமஸின் தலைமை ஐயத்துக்கு இடமற்றது. நார்க்கொலெப்சி, சிரிப்பு வலிப்பு, பிராடர்-வில்லி நோய் ஆகியவற்றில் அதன் பங்கு திட்டமாகத் தெரிகிறது. மனச்சோர்விலும் பதகளிப்பிலும் அது பங்குகொள்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. அதுவே மூலம் என்பதற்கு இல்லை. குழந்தைப்பருவத்துத் துன்பம் அழுத்த அச்சை ஆயுள்வரை மாற்றிவிடுகின்றதா, மாற்றினும் மீட்க இயலுமா, மூர்க்கத்துக்கு மின்தூண்டல் செய்வது எந்த நிபந்தனைகளில் நியாயமாகும் என்பன இன்னும் திறந்த வினாக்கள்.

விடை வரும்வரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று உண்டு. மந்தமும் சோர்வும் கொண்டு வரும் நோயாளிக்கு மனநோய் என்னும் பெயரைச் சூட்டுமுன், பிரசவத்தில் குருதி மிகுந்து போயிற்றா, பாம்பு எப்போதேனும் தீண்டியதா என்று இரு கேள்விகளைக் கேட்டு, தைரொயிட்டையும் கோட்டிசோலையும் ஒருமுறை அளந்து பார்ப்பதை வைத்தியர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அவர் கேளாவிடின் உறவினர் தாமே அவற்றைச் சொல்லவேண்டும். அளவுகள் சரியாக இருப்பின், மனத்தின் துயரை மனத்தின் துயராகவே ஏற்று, அதற்குரிய சிகிச்சையைக் கூச்சமின்றி நாடுதலே முறை.